இரண்டு காதுகளும் தெரிய வேண்டும்

எங்கள் வீட்டுச் சுவரில் தொங்கும் படத்தில் அப்பாவின் இரண்டு காதுகளும் தெரிகின்றன. அதைத் தவிர அப்பா அதில் இல்லை. வருகிறவர்கள் யாரும் அப்படிச் சொல்வதில்லை. "அப்படியே இருக்காரு" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி குடிக்க உட்காருகிறார்கள்.

அந்தப் படம் எடுத்த நாள் எனக்கு நினைவிருக்கிறது. நான் அப்போது சின்ன வகுப்பில் படித்துக்கொண்டிருந்தேன். எங்களுடையது கேகாலைப் பக்கத்து இறப்பர்த் தோட்டம். ஆட்களுக்கு அடையாள அட்டை எடுப்பதற்காக டவுனிலிருந்து ஒரு படக்காரர் வந்தார். வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுச்செல்லும் பிள்ளைக்காம்பராவின் சுவரில் நீலத்துணி ஒன்றை ஆணியடித்து, அதன் முன்னால் ஒரு முக்காலியைப் போட்டார். காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்கு நிற்பதைப் போலவே லயத்து வீடுகளின் ஆட்கள் வரிசையில் நின்றார்கள். ஒவ்வொருவரும் முக்காலியில் உட்கார்ந்ததும் அவர் சிங்களத்தில் கத்தினார்: "கன் தெகம பேன்ன ஓன!" காது இரண்டும் தெரிய வேண்டும். அவர் சொன்னது புரியாதவள்போல அம்மா விழித்தாள். அவரே வந்து அம்மாவின் முடியைக் காதுக்குப் பின்னால் தள்ளி, தாடையைப் பிடித்து நேராகத் திருப்பினார். அம்மாவுக்குக் கூச்சத்தில் சிரிப்பு வந்தது. சிரிக்கக் கூடாது என்றார். அம்மா நிறுத்திக்கொண்டாள்.

படம் என்றால் என்னவென்று எங்கள் ஆட்கள் அன்றைக்கு ஒரேயடியாகக் கற்றுக்கொண்டார்கள். பின்னால் ஒரு சுவர் இருக்க வேண்டும். சட்டையைக் கழுத்துவரை பூட்ட வேண்டும். மூச்சை நிறுத்த வேண்டும். அதற்குப் பிறகு யார் வந்து கெமராவை நீட்டினாலும், சொல்லாமலேயே சுவரைத் தேடிப் போய் நின்றார்கள்.

நான் எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடத்தை முடித்தவள். அப்பா கைநாட்டு வைப்பார். அம்மா அதுவும் வைக்கக் கூச்சப்படுவாள். நான் உயர்தரம் பாஸ் பண்ணினேன், சிங்களமும் எழுத வாசிக்கப் படித்தேன், தோட்டப் பள்ளிக்கூடத்தில் தொண்டர் ஆசிரியையாகச் சேர்ந்தேன். லயத்தில் சிலர் என்னைப் 'பெரிய டீச்சர்' என்று கேலி செய்தார்கள். எனக்கு அது கேலியாகவே படவில்லை. பெருமைக்காரி என்று சொன்னார்கள். சரிதான். பெருமைப்பட எங்கள் வீட்டில் வேறு என்ன இருந்தது?

கேகாலை பஸ் நிலையத்துச் சுவரில் ஒரு சிங்கள விளம்பரத்தைப் பார்த்தேன். சனிக்கிழமைகளில் படப்பிடிப்பு அறிமுக வகுப்பு, யாரும் சேரலாம். 'யாரும்' என்ற சொல்லை நான் அப்படியே நம்பினேன். நாங்கள் எப்போதும் படத்தில் விழுகிறவர்கள். எடுக்கிறவர் எப்போதும் வேறு யாரோ. கெமராவுக்கு அந்தப் பக்கம் நிற்பது எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசையாக இருந்தது.

வகுப்பில் என்னைத் தவிர எல்லோரும் சிங்களப் பிள்ளைகள். நடத்தியவர் ஸ்டூடியோ வைத்திருந்து ஓய்ந்தவர். சேர் என்று கூப்பிடுவோம். முதல் நாள் அவர் பேச்சோடு தொடங்கவில்லை. ஒரு புதுப் பிலிம் சுருளை எடுத்து, டப்பிக்குள்ளிருந்து நாடாவைச் சரசரவென்று இழுத்து மேசைமேல் போட்டார். எல்லோரும் பதறிவிட்டோம்.

"இது இனி எதுக்கும் ஆகாது. எது கெடுத்தது?" என்று கேட்டார்.

"நீங்கதான் சேர்," என்றான் ஒருவன். வகுப்பே சிரித்தது.

"வெளிச்சம். இருட்டு படத்துக்கு எதிரி இல்லை. இருட்டுதான் படத்தைக் காப்பாற்றி வைக்கிறது. வெளிச்சத்தை அளந்து கொடுத்தால் படம். அளக்காமல் கொடுத்தால் ஒன்றும் மிஞ்சாது."

அந்த வகுப்பில் நான் கற்ற மற்ற எல்லாமே இந்த ஒன்றிலிருந்து பிறந்தவைதான். லென்சுக்குள் ஒரு துவாரம் இருக்கிறது, அதைப் பெரிதாக்கலாம், சிறிதாக்கலாம். ஒரு கதவு இருக்கிறது, அதைச் சட்டென்று மூடலாம், கொஞ்சம் நேரம் திறந்து வைக்கலாம். துவாரம் சிறிதானால் கதவு அதிக நேரம் திறந்திருக்க வேண்டும். மற்றவர்கள் இதை எண்களாக எழுதிக் குழம்பிக்கொண்டிருந்தபோது எனக்கு உடனே விளங்கிவிட்டது. எங்கள் தோட்டத்து ஸ்டோரில் இறப்பர்ப் பாலைச் சீட்டாக உறைய வைக்க அமிலம் கலப்பார்கள். அதிகம் ஊற்றினால் சீட் கெட்டுப்போகும், குறைவாக ஊற்றினால் பால் பாலாகவே கிடக்கும். ஊற்றுகிற வாய் பெரிதா, ஊற்றுகிற நேரம் நீளமா, இரண்டையும் சேர்த்துத்தான் அளவு. இதைச் சொன்னபோது சேர், "இந்த நங்கிக்கு விளங்கிவிட்டது" என்றார். நங்கி என்றால் தங்கச்சி. வகுப்பில் எனக்குத்தான் முதலில் விளங்கியது. அடக்கத்துக்காக இதை மறைக்க நான் தயாராக இல்லை.

கடைசியில் ஒரு வேலை தந்தார். ஆளுக்கொரு பழைய கெமரா, ஒரு கறுப்பு வெள்ளைச் சுருள். மூன்று தலைப்பு: முகம், வேலை, கோடுகள். நல்ல படங்களை டவுன் மண்டபத்தில் மாட்டுவார்கள்.

முகம் என்றதும் எனக்கு வேறு யாரும் நினைவுக்கு வரவில்லை. அடையாள அட்டைக்கு நிற்காத அப்பாவை ஒரு படம் எடுக்க வேண்டும். எனக்கு அது ஒன்றுதான் வேண்டும். மண்டபத்தில் மாட்டுவது அதற்கு அடுத்தபடி.

கெமராவை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று அப்பா வாசலில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்தது. நான் கெமராவைத் தூக்கினேன். அவர் எழுந்து உள்ளே போனார். வாயைக் கொப்பளித்து, வெள்ளைச் சட்டையைக் கழுத்துவரை பூட்டி, தலைக்கு எண்ணெய் தடவி, வந்து லயத்துச் சுவரோடு ஒட்டி நின்றார்.

"காது தெரியுதா?"

"அப்பா, இது ஐடென்டிகாட்டுக்கு இல்ல."

"பின்ன எதுக்கு?"

"சும்மா. ஒங்க மொகத்த எடுக்கத்தான்."

"சும்மா யாரு புள்ள படம் புடிப்பா? எதுக்கோ கேக்குறாங்க, நீ சொல்ல மாட்டேங்கிற."

உள்ளேயிருந்து அம்மா குரல் கொடுத்தாள். "இந்த மொகத்துக்குச் சும்மா ஒரு பிலிமா? படிச்ச புள்ளைக்குப் புத்தி போறதப் பாரேன்!"

"ஒன் மொகத்துக்குத்தான் போட்டோக்காரன் கிட்ட வந்து தாடையப் புடிச்சான்," என்றார் அப்பா.

"அந்தக் கதைய இன்னும் விடல இவரு!"

அதற்குத்தான் அவர் சிரித்தார். நான் கெமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோவதற்குள் சிரிப்பு போய்விட்டது. கண்ணாடிக்குள் பார்த்தால் மறுபடியும் சுவர், பித்தான், இரண்டு காது. அன்றைக்கு நான் அழுத்தவில்லை. அடுத்த நாளும் இல்லை. சாப்பிடும்போது, கத்தியைத் தீட்டும்போது, எப்போது தூக்கினாலும் அவருடைய கழுத்து தானாகவே விறைத்துக்கொண்டது. பிலிமை வீணாக்க மனம் வரவில்லை. கோபம்தான் வந்தது. யாரோ ஒரு படக்காரன் ஒரு நிமிடத்தில் கற்றுக்கொடுத்ததை என் படிப்பு முழுவதாலும் அழிக்க முடியவில்லை.

பிறகு ஒரு காலையில் அவரோடு மலைக்குப் போனேன். பால் வெட்டுவதை வெயில் ஏறுமுன் முடிக்க வேண்டும். ஒவ்வொரு மரத்திலும் முந்திய நாள் காய்ந்து ஒட்டியிருக்கும் ஒட்டுப்பாலை இழுத்து உரித்து, பையில் போட்டு, பட்டையில் மெல்லிய சீவல் ஒன்றை எடுப்பார். வெள்ளைக் கோடு ஒன்று மரத்தைச் சாய்வாகச் சுற்றி இறங்கிச் சிரட்டையில் சொட்டும். வேலை செய்யும் கைகளை எடுத்தேன். சிரட்டையை எடுத்தேன். அவர் என்னைக் கொஞ்சம் கொஞ்சமாக மறந்தார். வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே மரத்துக்கு மரம் நடந்தார். நான் பின்னால் போனேன்.

சரிவில் ஒரு தண்ணீர்க் கானைத் தாண்டும்போது என் செருப்பு வழுக்கியது. உட்கார்ந்த வாக்கில் சறுக்கிச் சேற்றுக்குள் போனேன். கெமரா வைத்திருந்த கை மட்டும் தலைக்கு மேலே, தேர்தலில் ஜெயித்தவன் கையைப் போல நின்றது. அப்பா திரும்பினார். தலையில் கட்டியிருந்த துண்டு ஒரு காதை மூடியிருந்தது. வாயில் வெற்றிலை.

"ஏ புள்ள! டீச்சர் சேத்துல, பொட்டி மேலயா?"

சொல்லிவிட்டுச் சிரித்தார். கண் இடுங்கி, கறை படிந்த பற்கள் எல்லாம் தெரிய, தோள் குலுங்கச் சிரித்தார். மரங்களுக்கிடையிலிருந்து வெளிச்சம் அவருடைய ஒரு கன்னத்தில் மட்டும் விழுந்தது. நான் சேற்றில் உட்கார்ந்தபடியே அழுத்தினேன். சில படங்கள் கிடைத்துவிட்டன என்று கழுவுவதற்கு முன்பே விரலுக்குத் தெரியும். இது அப்படி ஒரு படம்.

சுருளில் இன்னும் சில படங்களுக்கு இடமிருந்தது. கோடுகள் மட்டும் பாக்கி.

அந்தச் சனிக்கிழமை சேர் எங்களிடம் சொன்னார்: "கோடுகளுக்கு ரம்புக்கனை ஸ்டேஷனுக்குப் போங்கள். மலை ஏறுவதற்கு முன் தண்டவாளங்கள் பிரிந்து கிடக்கும். மேம்பாலத்தில் நின்று பார்த்தால் படம் தானாக வரும்." வகுப்பில் இரண்டு பேரோடு நானும் பஸ் ஏறிப் போனேன். யுத்தம் மறுபடியும் மூண்டிருந்த காலம். கொழும்பில் குண்டு வெடித்தால் எங்கள் பஸ்ஸில் பையைத் திறப்பார்கள். அது எனக்குத் தெரியாததல்ல. ஆனாலும் நான் ஒரு வகுப்பின் மாணவி, வகுப்பு சொன்ன இடத்தில் வகுப்பின் கெமராவோடு நிற்கிறேன் என்ற தைரியம் இருந்தது.

மூன்று பேரும் படம் எடுத்துக்கொண்டிருந்தோம். பொலிஸ்காரர் ஒருவர் வந்து அட்டையைக் கேட்டார். மற்ற இருவருடைய அட்டைகளையும் திறந்தும் திறக்காமலும் திருப்பிக் கொடுத்தார். என்னுடையதைப் படித்தார். பெயரைப் படித்தார், தோட்டத்து விலாசத்தைப் படித்தார், மறுபடியும் பெயரைப் படித்தார்.

"கோச்சிப் பாதையை எதற்குப் படம் எடுக்கிறாய்?"

வகுப்பு, தலைப்பு, கோடுகள் என்று திருத்தமான சிங்களத்தில் விளக்கினேன். எவ்வளவு திருத்தமாகச் சொன்னேனோ அவ்வளவுக்கு அவருடைய முகம் இறுகியது.

"இவ்வளவு நன்றாகச் சிங்களம் பேச எங்கே படித்தாய்?"

இந்தக் கேள்விக்கு எந்தப் பள்ளிக்கூடத்திலும் எனக்குப் பதில் சொல்லித் தந்ததில்லை. கூட வந்தவர்களைப் பார்க்கத் திரும்பினேன். லென்சுகளுக்கு மூடி போட்டுவிட்டு இருவரும் படி இறங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் எடுத்ததும் இதே தண்டவாளத்தைத்தான்.

பொலிஸ் அறையில் என்னைச் சுவரோரம் நிறுத்தினார்கள். மேசையில் இருந்த பெரியவர் அட்டையிலிருந்த படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். என் முடி அவிழ்ந்து கிடந்தது.

"முடியை ஒதுக்கு. காது தெரியட்டும்."

ஒதுக்கினேன். நானும் அந்தச் சுவருக்கு வந்து சேர்ந்திருந்தேன்.

சேருக்குத் தொலைபேசியில் பேசினார்கள். பேசி முடித்ததும் பெரியவர் எனக்குச் சொன்னார்: "உன் சேர் கோடுகள் என்றுதான் சொன்னாராம். கோச்சிப் பாதை என்று சொல்லவில்லையாம்." பிறகு தோட்டத்துக்குச் செய்தி அனுப்பினார்கள்.

கெமராவைத் திறக்கச் சொன்னார்கள். நான் கெஞ்சினேன் என்று எழுத எனக்குக் கை வரவில்லை, ஆனால் கெஞ்சத்தான் செய்தேன். சுருளைச் சுற்றி டப்பிக்குள் அனுப்பிவிட்டுத் தருகிறேன், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், எந்த ஸ்டூடியோவிலாவது கழுவிப் பாருங்கள், திறந்தால் எல்லாம் போய்விடும் என்றேன். சுற்றுவதற்காக நான் பிடியைத் தொட்டதும், "கையை எடு" என்று அதட்டினார். அவரே நெம்பித் திறந்தார். சேர் முதல் நாள் இழுத்ததைப் போலவே, சரசரவென்று.

பிறகு அவர் செய்ததை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். நாடாவை இரண்டு கையாலும் விரித்து, ஜன்னல் வெயிலுக்கு நேரே பிடித்து, கண்ணைச் சுருக்கி, என்ன படம் இருக்கிறது என்று தேடினார். கழுவாத பிலிமை. ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை பொறுமையாகப் பார்த்தார். பிறகு மற்றவரிடம் சொன்னார்: "ஒன்றும் இல்லையே."

ஒன்றும் இல்லாததால் நான் குற்றமற்றவள் ஆனேன்.

அப்பா வந்தபோது வெள்ளைச் சட்டை கழுத்துவரை பூட்டியிருந்தது. அட்டையைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார். "மகே துவ, மாத்தயா" என்றார். என் மகள், ஐயா. அவரையும் அட்டையோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அவரிடம் முடியை ஒதுக்கச் சொல்லத் தேவையே இருக்கவில்லை. கழுத்து விறைத்து, மூச்சை நிறுத்தி, பழகிய ஆளாக நின்றார்.

திரும்பும்போது பஸ்ஸில் அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்தார். நாடா என் மடியில் சுருண்டு கிடந்தது.

"படம் போச்சா?"

"போச்சு."

"எல்லாமா?"

"எல்லாம். மலையில நீங்க சிரிச்சீங்களே, அதும் போச்சு."

"நான் எங்க சிரிச்சேன்?"

"நான் சேத்துல விழுந்தப்ப."

"ஓ," என்றார். "போனாப் போகுது. இன்னொரு வாட்டி விழுந்துரு. சிரிச்சிட்டாப் போச்சு."

இன்னொரு வாட்டி வரவில்லை. கெமராவைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது சேர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "நிலைமை சரியாகும்வரை வராமல் இருப்பது உனக்குத்தான் நல்லது, நங்கி" என்றார். எனக்கு நல்லது எது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

மண்டபத்தில் படங்களை மாட்டிய அன்று நான் போனேன். போகாமல் இருந்தால் பயந்துவிட்டேன் என்று ஆகிவிடும். கோடுகள் என்ற தலைப்பின் கீழே நடுவில் ஒரு பெரிய படம். ரம்புக்கனைத் தண்டவாளங்கள். கூட வந்த இருவரில் ஒருவன் எடுத்தது. பொலிஸ்காரர் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் எடுத்திருக்க வேண்டும், ஏனென்றால் ஓரத்தில் சின்னதாக நான் நிற்கிறேன். கெமரா கண்ணில் இருக்கிறது. முகம் தெரியவில்லை. சேர் வந்தவர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தார்: "ஓரத்தில் அந்தச் சிறிய உருவத்தைப் பாருங்கள். அது இல்லாவிட்டால் பாதையின் நீளம் நமக்குத் தெரியாது." எல்லோரும் தலையாட்டினார்கள். நான் அவருக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். அவர் திரும்பியதும் வணக்கம் சொன்னேன். நல்ல சிங்களத்தில்.

வீட்டில் அம்மா அந்தப் பிலிம் நாடாவை என் பையிலிருந்து கண்டெடுத்தாள். "இது இனி ஒதவாதா?" என்று கேட்டாள். ஒதவாது என்றேன். லயத்துக்குப் பின்னாலிருந்த போஞ்சிக் கொடிகளின் மேல் குச்சிக்குக் குச்சி இழுத்துக் கட்டிவிட்டாள். காற்றில் படபடத்து மினுங்கினால் கிளி வராது. அப்பா தினமும் அதற்குக் கீழே குனிந்துபோய்க் காய் பறித்தார். அவருடைய சிரிப்பு எந்தத் துண்டில் இருந்தது என்று எனக்குத் தெரியாது. மழையில் நைந்து, ஒவ்வொரு துண்டாக அறுந்து விழுந்தது.

அடுத்த வருடம் அப்பாவுக்கு நெஞ்சில் சளி கட்டியது. தோட்டத்து மருந்துக்காரர் ஒரே மாத்திரையை மாற்றி மாற்றிக் கொடுத்தார். கேகாலை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது பிந்திவிட்டது.

மாலை போட ஒரு படம் வேண்டும் என்றார்கள். வீட்டில் இருந்தது அடையாள அட்டை ஒன்றுதான். நான்தான் அதை ஸ்டூடியோவுக்குக் கொண்டுபோனேன். கொம்பியூட்டருக்கு முன்னால் இருந்தவர் முத்திரைக் கறையை அழித்து, முகத்தைப் பெரிதாக்கி, வெள்ளையாக்கினார்.

"கோட் ஒன்று போட்டுவிடவா, நங்கி? எல்லோரும் போடச் சொல்வார்கள்."

"வேண்டாம்."

"சிரிக்கிற படம் ஏதாவது இல்லையா?"

இல்லை என்றேன்.

இப்போது யுத்தம் முடிந்துவிட்டது என்கிறார்கள். டவுனில் வெடி கொளுத்தினார்கள், பாற்சோறு வெட்டிக் கொடுத்தார்கள். பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியில் எனக்கும் ஒரு துண்டு நீட்டினார்கள். நான் வாங்கிக்கொண்டேன். வாங்காமல் போயிருந்தால் அட்டையைக் கேட்டிருப்பார்கள்.

என்னிடம் சொந்தமாகச் சின்ன டிஜிட்டல் கெமரா ஒன்று இருக்கிறது. யாரும் திறந்து இழுக்க அதில் நாடா இல்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை எடுக்கும்போது சுவரை விட்டுத் தள்ளி நில்லுங்கள் என்று விரட்டுகிறேன். ஓடிப் போய் அடுத்த சுவரில் நிற்கிறார்கள். அவர்களுக்கு இன்னும் அட்டைகூட எடுக்கவில்லை. வீட்டில் பார்த்துப் பழகியிருக்கிறார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை அம்மா போஞ்சிக் கொடிகளுக்கிடையில் உட்கார்ந்து களை பிடுங்கிக்கொண்டிருந்தாள். காலை வெயில் இலைகள் வழியாக முகத்தில் விழுந்தது. சத்தமில்லாமல் போய் கெமராவைத் தூக்கினேன். பார்த்துவிட்டாள்.

"இரு, இரு."

"அம்மா, எந்திரிக்காத. அப்படியே இரு."

"களை புடுங்குற கோலத்துலயா? சும்மா இரு புள்ள."

உள்ளே போனாள். நான் கொடிகளுக்குப் பக்கத்தில் காத்திருந்தேன். அம்மா சேலை மாற்றி, தலையைப் படிய வாரி, முடியைக் காதுக்குப் பின்னால் செருகிக்கொண்டு வந்தாள். நேராகப் போய்ச் சுவரோடு ஒட்டி நின்றாள்.

"தெரியுதா?"

"தெரியுது."

"நல்லாப் புடி. அப்பாவுக்குப் பட்ட பாடு படக் கூடாது. பொறவு மாட்டுறதுக்கு வேணும்ல."

சிரிக்கச் சொன்னேன். எதுக்கு என்று கேட்டாள். அழுத்தினேன். படம் தெளிவாக விழுந்திருந்தது. வெளிச்சம் அளவோடு இருந்தது. இரண்டு காதுகளும் தெரிந்தன.